கிழிந்த முப்பத்தொன்பது பக்கங்கள்

பாளையங்கோட்டையில் இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். கோட்டுக்குள் இருப்பது யார் என்று கேட்கும் வழக்கமில்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உளவியல் நடத்தும் ஹெப்சிபா, கீழ்ப்படிதலைப் பற்றிய பாடத்தை அந்த வழக்கத்திலிருந்தே தொடங்கினாள்.

கோட்டுப் போட்ட ஒருவர் வகுப்புக்குள் வந்தார். நாற்பது பேரும் எழுந்தார்கள்.

"இன்ஸ்பெக்‌ஷன். ரெக்கார்டு நோட்டுல கடைசியா எழுதின பக்கத்தைக் கிழிச்சுத் தாங்க."

ரெக்கார்டு நோட்டில் ஒரு படம் வரைய ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். அதற்குக் கையெழுத்து வாங்க மூன்று நாள் அலைய வேண்டும். இருந்தும் கிழித்தார்கள். "ஏட்டி, நேரா கிழிட்டி, கோணலா போவுது" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குப் பக்குவமும் சொன்னாள்.

ஐந்தாறு பேர் கை வைத்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் ஹெப்சிபா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுவதற்குள் முப்பத்தொன்பது பக்கமும் கிழிந்துவிட்டது. தச்சநல்லூர் முத்துமாலை மட்டும் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க யாரு சார்?"

அவர் கோட்டைக் கழற்றினார். "ஜாஸ்பர்ம்மா. புதுசா வந்திருக்க காலேஜ் பஸ் டிரைவர். மேடம் சொல்லித்தான் வந்தேன், என்னைய அடிச்சிராதீங்க."

வகுப்பு சிரித்தது. பிறகு இரண்டு பேர் அழுதார்கள்.

"பக்கத்தைக் கிழிக்கச் சொன்னாரு, கிழிச்சிட்டிய. ஊசியப் போடச் சொல்லியிருந்தா?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

மறுநாள் ஒரு பிள்ளையின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். தாளாளர் சத்தியநேசன் ஹெப்சிபாவைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவள் பெயரில் டைப் அடித்த கடிதம் இருந்தது: 'பக்கங்களைக் கிழிக்க வைத்தது என் தவறு. மாணவிகளைப் பெரியவர்களுக்கு எதிராகத் தூண்டும் இப்பாடத்தை இனி நடத்த மாட்டேன்.'

"ஒரு கையெழுத்து. முடிஞ்சு போச்சு." பேனாவை நீட்டினார். "எங்க அப்பா காலத்துல இருந்து நீங்க நம்ம சபைக் குடும்பம். எதிர்த்துப் பேசித் தெரியாதவங்க."

பேனா எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்கள் மூடியையும் திறந்திருந்தன. அவள் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டாவது வரியை நேர்கோடாக அடித்துவிட்டு, முதல் வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

"பக்கம் கிழிஞ்சது என் தப்பு சார். அத்தனை படத்தையும் பிள்ளைகளோட உக்காந்து நானும் வரையுதேன். பாடத்தை நிறுத்த மாட்டேன்."

"அப்போ நாளைலருந்து வராதீங்க."

"அதை எழுதித் தாங்க."

"நான் வாயால சொன்னாப் பத்தாதோ?"

"பத்தாது சார். இருபத்தாறு வயசுல நான் வார்டுல இருந்தேன். பெரிய டாக்டர் போன்ல ஊசி மருந்துக்கு ஒரு அளவு சொன்னாரு. கூடுதல்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். அந்த நோயாளி மூணு நாள் கண்ணு முழிக்கல்ல. பொழைச்சது அவரு பாக்கியம். 'நான் எங்க எழுதியிருக்கேன், காட்டு'ன்னு டாக்டர் என்னையக் கேட்டாரு."

அதற்குப் பிறகுதான் வார்டு வேலையோடு ஏழு வருடம் அஞ்சல் வழியில் உளவியல் படித்தாள். அதை அவள் சொல்லவில்லை.

சத்தியநேசன் ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டார். 'பணியிலிருந்து' என்று எழுதியதும் பேனா நின்றது.

"காரணமும் போடணும் சார். என்ன பாடம் நடத்தினதுக்குன்னு."

அவர் தாளைக் கசக்கினார். "கமிட்டில பேசிக்கிடுதேன். நீங்க போங்க."

"பேசுங்க. கூப்பிட்டா அங்கனயும் வந்து இதையே சொல்லுதேன்."

அடுத்த மணி அவளுக்கு வகுப்பு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் படியேறினாள். போர்டில் பெரிதாக எழுதினாள்: 'மறுத்துப் பேசுவது எப்படி?'

முன் பெஞ்சிலிருந்து கனி கேட்டாள். "இது பரீட்சைக்கு வருமா மேடம்?"

"வராது. வார்டுல வரும்."