ஏணி ஏறுமுன் ஒரு குரல்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஹொல்ம்லியாப் பகுதியில் விழா நடத்தும் மண்டபத்தைப் பராமரிப்பவர் ஒரு தமிழர். மெலிந்த உடம்பு, அகன்ற பாதங்கள். மேடை விளக்கு மாற்ற ஏணியில் கால் வைக்குமுன், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஏறுறன்!" என்று ஒருமுறை குரல் கொடுப்பார். பாதுகாப்பு விதியாக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த இலையுதிர்கால விழாவில் எங்கள் பிள்ளைகள் கள்ளுச் சீவும் தொழிலாளர் பாட்டுக்கு ஆடினார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் கள்ளு முட்டி, கையில் அட்டைக் கத்தி. மத்தியானம் ஒத்திகையின் நடுவே ஒரு விளக்கு அணைந்தது. அவர் ஏணியைக் கொண்டுவந்து, வழக்கம்போல் "ஏறுறன்!" என்றார்.

எனக்குப் பக்கத்தில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த என் அக்காவின் ஊசி நின்றது.

"பனை ஏறுறவைதான் இப்பிடிக் கூப்பிடுறவை," என்று என் காதில் சொன்னாள். "கிணத்தடியிலை குளிக்கிற பொம்பிளையள் ஒதுங்கவேணுமெல்லே."

அவர் இறங்கியதும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணை, ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?"

சாதியை நேரே கேட்பது அநாகரிகம் என்பதால் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த கேள்வி அது.

"நான் ரொம்சோஸ், தங்கச்சி," என்று இந்த நகரத்தில் தான் குடியிருக்கும் பகுதியைச் சொன்னார். ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கைதட்டல் ஓயவில்லை. அக்கா எழுந்து நின்றே தட்டினாள்.

அதன்பிறகும் அவரை மண்டபத்தில் பார்க்கிறேன். குரல் கொடுப்பதில்லை. ஏணி கிரீச்சிடும்போதுதான் அவர் ஏறுவது தெரிகிறது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.