இடது கை

எங்கள் தெருப் பிள்ளைகள் என் அப்பாவுக்கு வைத்த பெயர் ஆமை. பள்ளி வேன் ஓட்டினார். சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வேகத்தடை கண்ணில் பட்டதுமே பிரேக்கில் கால் போய்விடும். "கொஞ்சம் அழுத்துங்க அங்கிள், பெல் அடிச்சிருவாங்க" என்று பிள்ளைகள் கெஞ்சினால், "பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாது, நான் பாத்துக்கறேன்" என்பார். இதே ஆள் ஒரு காலத்தில் காரை வாய்க்காலுக்கு மேல் பறக்கவிட்டவர், எதிரும் புதிருமாக வந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தவர் என்றால் அந்தப் பிள்ளைகள் நம்பியிருக்க மாட்டார்கள். நாங்களே பாதி நாள் மறந்துவிடுவோம்.

சினிமாவில் அப்பா டூப் டிரைவர். கதாநாயகன் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதோடு அவன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஓடுவதும் துரத்துவதும் அப்பாதான். சில படங்களில் இரண்டுமே அவர். காலையில் நல்லவன் சட்டை, மதியம் கெட்டவன் சட்டை. டூப்பின் முகம் மட்டும் தெரியவே கூடாது. காலரைத் தூக்கிவிட்டு, விக்கை நெற்றிவரை இழுத்து, மோவாயைத் தோளில் புதைத்துக்கொண்டு ஓட்டுவார். எத்தனையோ படங்களில் இருக்கிறார், ஒன்றில்கூட முகம் கிடையாது. டிவியில் அந்தப் படங்கள் ஓடினால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதோ உங்கப்பா பிடரி" என்பாள். எங்கள் குடும்பப் புகழ் அந்தப் பிடரியோடு சரி.

பழைய படம் என்றதும் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். ஸ்டியரிங்கை யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே தொண்டை கெட்டுப்போனவள். அந்தக் காலத்துக் கதாநாயகர்கள் நேரான சாலையில் ஸ்டியரிங்கை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவார்கள். பின்கண்ணாடியில் தெரு ஒரு பக்கம் போகும், கார் ஒரு பக்கம் போகும். மண் ரோட்டில் டயர் கிறீச்சிடும். திருப்பத்தில் கழன்று உருண்ட சக்கர மூடி அடுத்த காட்சியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளத்தில் விழுந்து வெடிப்பது எப்போதும் வேறு கார். இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டைத் தள்ளுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே காய்கறி வண்டியை முதலில் ஹீரோ சாய்ப்பான். பின்னால் வரும் வில்லனுக்காக யாரோ அதை நிமிர்த்தி, காய்களையும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

இவ்வளவையும் சொல்லிச் சிரித்த பிறகும், கார் குதித்து இறங்கும்போது என் வயிறு ஒரு கணம் சுருங்கத்தான் செய்கிறது. அது இரும்பு. மூக்கு தரையில் இடித்து, ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, மறுபடி எழுகிறது. உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்பது பார்க்கிறவர் உடம்புக்குத் தெரிகிறது. இன்றைய படங்களில் முப்பது கார் வானத்தில் உருண்டாலும் நான் பாப்கார்னைத் தின்றுகொண்டே பார்க்கிறேன்.

அப்பாவின் கட்சி வேறு. புதுப் படங்கள்தான் அவருக்குப் பிடிக்கும். "இதுதாம்மா சினிமா. இத்தன வண்டி உருண்டுச்சு, ஒருத்தனுக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாங்க" என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டி பிரேக் போட்டாலும் அவருடைய இடது கை தானாக நீண்டு, பக்கத்தில் இருப்பவரின் நெஞ்சுக்குக் குறுக்கே விழும். ஓட்டும்போது மட்டுமில்லை, பேருந்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் அப்படித்தான். அம்மா உயிரோடு இருந்தவரை வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. "உங்கப்பா பக்கத்துல உக்காரணும்னா நெஞ்சுல தகரம் கட்டிக்கணும்" என்பாள். ஒரு முறை பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரை அப்படி அறைந்துவிட்டு, இறங்கும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

சித்தப்பாவுக்கும் அதே தொழில். ஒல்லி உடம்பு என்பதால் கதாநாயகிக்கு டூப் போடுவார். ஒரு படத்தில் சிவப்பு உடையும் நீள விக்குமாக அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "அண்ணே, பொம்பள உக்காந்திருக்கேன், பாத்து ஓட்டு" என்றாராம். கார் ஒரு மண்மேட்டில் ஏறி வாய்க்காலைத் தாண்ட வேண்டும். கதவு திறந்துவிடக் கூடாது என்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கார் தாண்டிவிட்டது. இறங்கிய வேகத்தில் கயிறு அறுந்து கதவு திறந்தது, சித்தப்பா வெளியே விழுந்தார். பின்னாலேயே வில்லனின் கார் அதே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அது அப்பாவின் மேல் வந்து இறங்கியிருக்கும். தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது சித்தியின் வயிற்றில் தம்பி. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் அவளிடம் வந்து சொன்னது இதுதான்: "அண்ணன்காரன் திரும்பிக்கூட பாக்கல. ஓட்டிக்கிட்டே போயிட்டான்." அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அன்றோடு சித்தி அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். ஆனால் எங்கேயும் போகவும் இல்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறாள். பேச வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பா மாத்திர போட்டாரான்னு கேளு" என்பாள், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. "போட்டாச்சுன்னு சொல்லு" என்பார் அவர். நடுவில் நான் தபால்பெட்டி மாதிரி. அப்பா சினிமாவை விட்டுவிட்டு வேன் ஓட்டித் தம்பியைப் படிக்கவைத்தார். சித்தி அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கோபத்தையும் விடவில்லை.

விழுந்த அந்தக் காட்சியைப் படத்தில் அப்படியே வைத்தார்கள். பிரிண்ட்டில் தூசியும் இருட்டுமாக ஒன்றும் தெரியாது என்று தைரியம். படம் ஓடு ஓடென்று ஓடியது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் பார்க்கவில்லை.

போன வருடம் அந்தப் படத்தைச் சுத்தம் செய்து மறுபடி தியேட்டரில் விடப்போவதாகச் செய்தி வந்தது. அந்த வேலையைச் செய்கிற ஒரு பெண் அப்பாவைத் தேடி வீட்டுக்கே வந்தாள். ஸ்டண்ட் ஆட்கள் சங்கத்தில் விலாசம் வாங்கினாளாம். நல்ல வேளையாகச் சித்தி கடைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"டூப் முகம் தெரிஞ்சா நாங்க வழக்கமா ஹீரோ முகத்த வச்சு மறைச்சிருவோம் சார். இந்த ஒரு ஷாட்ல மட்டும் எனக்கு மனசு வரல. உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்."

தூசி போயிருந்தது, இருட்டும் போயிருந்தது. கார் இறங்குகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, கதவு பறக்கிறது. சிவப்பு உடை சரிகிறது. திறந்த கதவு வழியாக, ஸ்டியரிங்குக்குப் பின்னால், எந்தப் படத்திலும் தெரியாத அந்த முகம் தெரிகிறது. என் அப்பா, இன்றைய என்னைவிட இளையவர். சாலையைப் பார்க்கவில்லை. முழுக்க இந்தப் பக்கம் திரும்பி, வாய் திறந்து கத்துகிறார். இடது கை விரல் நுனிவரை நீண்டிருக்கிறது. சிவப்புத் துணி அந்த விரல்களில் பட்டு நழுவிப் போகிறது.

"நான் திரும்பினேனா?" என்றார் அப்பா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இத்தனை வருடமும் ஊர் சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மறுக்காமல் இருந்ததை நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அவருடைய கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

"அழிச்சிரும்மா" என்றார் அவளிடம். "ஹீரோ முகத்தப் போட்டுரு. கதவையும் சாத்திரு."

"அப்பா" என்றேன். "சித்தி இத ஒரு தடவ பாத்தா போதும்ப்பா."

"எதப் பாக்கணும்? எந்தம்பி விழுறதையா? விக்கும் ரவிக்கையுமா அவன் சாகுறத அவ பாக்கணுமா? தியேட்டர்ல நாலு பேரு சிரிப்பான்."

"அவர மட்டும் மறைச்சிட்டு உங்க முகத்த விட்டுடலாமே சார்" என்றாள் அந்தப் பெண்.

"பக்கத்துல ஆளு ஒழுங்கா உக்காந்திருந்தா நான் எதுக்கும்மா கைய நீட்டிக் கத்துறேன்? அவ அறிவாளி. கண்டுபிடிச்சிருவா." கொஞ்ச நேரம் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நடுவுல நின்னு எல்லாத்தையும் சொல்லுவ. இத மட்டும் சொல்லிடாத" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. இப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்? கையில் கிடைத்ததை இவரே தூக்கிப் போடுகிறார். சண்டை போட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் போகும்போது வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

படம் வந்ததும் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். "எங்கப்பா எப்படி இருப்பாருன்னு ஒரு தடவயாவது பாக்கறேனே" என்றான். அவனிடம் இருப்பது கல்யாண ஃபோட்டோ ஒன்றுதான். சித்தி வரமாட்டாள் என்று நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியில் நின்றாள். அப்பா ஓரத்து இருக்கையில், அவருக்கு இடப்பக்கம் நான், எனக்கு அடுத்து சித்தி, அதற்கப்புறம் தம்பி.

துரத்தல் தொடங்கியதும் தியேட்டர் சிரித்தது. பையன்கள் மண் ரோட்டுக் கிறீச்சுக்குக் கை தட்டினார்கள். காய்கறி வண்டி இரண்டாவது தடவை சாய்ந்தபோது ஒருவன் விசில் அடித்தான். தம்பியும் சிரித்தான். சித்தி சிரிக்கவில்லை. கார்க் கண்ணாடி வழியாகத் தெரிந்த சிவப்பு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தோளு அவரோடதுதான்" என்றாள் மெதுவாக. "எடதுபக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கும்." தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்து பார்த்தான்.

கார் மேட்டை நோக்கி வந்தது. தியேட்டர் அடங்கிவிட்டது. அத்தனை கிண்டல் செய்தவர்களும் அந்த இரும்புக்கு முன்னால் வாயை மூடினார்கள். கார் எழும்பியது, இறங்கியது, அமுங்கியது. கதவு சாத்தியிருந்தது. கதாநாயகி உட்கார்ந்திருந்தாள். கதாநாயகன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்து, லேசாகச் சிரித்துக்கொண்டே போனான். துளி பிசிறு இல்லாத வேலை.

அந்த நேரத்தில் அப்பாவின் இடது கை இருட்டில் நீண்டு வந்து என் நெஞ்சில் விழுந்தது. விரல்கள் என்னைத் தாண்டி, சித்தியின் பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்றன. அவளுக்கு எட்டவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவும் இல்லை. நான் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இடைவேளை வரை விடவில்லை.

படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். கூட்டம் சுவரொட்டிக்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. தம்பி வண்டி எடுக்கப் போனான். சித்தி படிக்கட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்த முகம். வழக்கம்போல என் பக்கம் திரும்புவாள், உங்கப்பாகிட்ட சொல்லு என்பாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பி பிறந்ததற்கு முன்னாலிருந்து பேசாதவள், நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அவரு விழுறத மறைச்சு மூஞ்சிய மாத்தியிருக்காங்க, ஓட்டுற ஒடம்பு நீங்கதான். நெசமாவே திரும்பல நீங்க" என்றாள். "ஊரு பொய் சொல்லுதோன்னு மனசுல ஒரு ஓரத்துல வச்சிருந்தேன். அதுக்குத்தான் வந்தேன்."

என் வாய் திறந்துவிட்டது. அப்பா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

"ஆமாம்மா" என்றார். "திரும்பல."