அண்ணனின் கண்ணாடிக் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் இருந்த பொருள்களிலேயே விலை கூடியது அண்ணனுடைய கம்ப்யூட்டர்தான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அப்பாவின் பழைய பைக் மூன்றையும் சேர்த்து விற்றாலும் அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கியிருக்க முடியாது. கேம் விளையாடுவதற்கென்றே உள்ள கம்ப்யூட்டர் அது. ஆனால் அண்ணன் அதில் உட்கார்ந்து கேம் விளையாடி நான் பார்த்ததில்லை. நான் ஒருமுறை கார் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் சுவரில் போய் மோதியதும் மூடி வைத்துவிட்டேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அண்ணனுக்கு விழுப்புரத்தில் ஒரு செல்போன் ஷோரூமில் வேலை. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கோர்ட்டுப் பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். கடையில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்களும் வாரத்துக்கு ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டு அவர் வரும்வரை காத்துக் கிடக்க எனக்குப் பொறுமை இல்லாததால் நானே கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். அண்ணன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கிக்கொண்டு வந்தான். நான் அதைக் கட்டினேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவேன். அண்ணன் டார்ச் பிடிப்பான். அதையும் அவ்வப்போது மறந்து போனைப் பார்ப்பான்.

இந்த மாதிரிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் விழுப்புரம், திண்டிவனம், வானூர், கோட்டக்குப்பம் என்று சுற்றுவட்டாரத்தில் இருபது பேர் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சின்ன ஹாலை எடுத்து, அவரவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, விளக்குகளை எரியவிட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போவதுபோல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. கரண்ட் போனால் பந்தல்காரரின் ஜெனரேட்டர் ஓடும். அதைப் போட்டுவிட்டால் யாரும் கேமைத் திறக்கக் கூடாது. லோடு தாங்காமல் நின்றுவிடும். அதனால் பெரும்பாலும் விளக்கை மட்டும் பார்த்துவிட்டு, டீயும் சமோசாவும் சாப்பிட்டுக் கலைவார்கள்.

அவர்களிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. கம்ப்யூட்டரைச் சொந்தக் கையால் கட்டியிருக்க வேண்டும். கடையில் கொடுத்துக் கட்டினால் மதிப்பில்லை. அதைச் சோதிப்பதற்காக ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது பின்பக்கக் கதவைக் கழற்றிக் காட்ட வேண்டும். முன்பக்கம் கண்ணாடி, எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும். ஒயர்களை அள்ளித் திணித்து மூடியிருக்கிறார்களா, முறையாகக் கொண்டுபோயிருக்கிறார்களா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

அண்ணன் முதல் தடவை போனபோது ஹால் விழுப்புரத்தில். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், கார்டு கனம், நிற்கவைத்தால் குலுக்கலில் தொங்கிவிடும் என்று நான்கு தடவை சொல்லி அனுப்பினேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டிரைவர் வாழைத்தார் ஏற்ற வேண்டும் என்று அதை நிமிர்த்தி வைத்துவிட்டாராம். அண்ணனும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

பதினொரு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போன் வந்தது.

"வணக்கம் சார்" என்றான் அண்ணன்.

என்னடா இது என்று போனைத் தள்ளிப் பிடித்து நம்பரைப் பார்த்தேன். அவன்தான்.

"சார், மெஷின் ஆன் ஆவுது சார், டிஸ்பிளே வர மாட்டேங்குது."

"பக்கத்துல ஆளுங்க நிக்கிறாங்களா?"

"ஆமா சார்."

"மானம் போவுதா?"

"ஆமாங்க சார். ஜல்தியா சொல்லுங்க சார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தேன். கார்டைக் கழற்றி நேராக அழுத்தி மாட்டு, ஸ்குரூவை முடுக்கு, தாங்கலுக்கு வைத்த நூல்கண்டுக் கட்டை கீழே விழுந்திருக்கும், அதை எடுத்து மறுபடி முட்டுக்கொடு. ஜாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கவுண்டரில் தட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் போனுக்குள் கைதட்டல் கேட்டது. முழுக்கக் கேட்பதற்குள் அண்ணன் போனை வைத்துவிட்டான்.

பின்கதவைக் கழற்றியதும் எல்லாரும் அதைச் சுற்றி நின்றுவிட்டார்களாம். ஒயர்களை நான் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கவில்லை. கறுப்பு நூலால், கனகாம்பரம் தொடுக்கும் முடிச்சில் விரற்கடைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் எங்க சாரு" என்றானாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது பெருமையாகத்தான் சொன்னான். நானும் பரவாயில்லை என்று நினைத்தேன். தான் என்று சொல்லிக்கொள்ளாமல் இன்னொருவர் என்றாவது சொன்னானே. இன்னும் இரண்டு தடவை போனால் என் தங்கச்சிதான் என்று சொல்லிவிடுவான் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இருபது பேர் முன்னால் ஒரே ஒரு முறை அவன் வாயால் அதைச் சொல்ல வேண்டும்.

அவன் சொல்லவில்லை. சார் வளர்ந்துகொண்டே போனார். பாண்டிச்சேரியில் இருக்கிறார், ரிட்டையர்டு ஆனவர், யாரையும் பார்க்க விரும்பமாட்டார் என்று ஆனது. மற்றவர்களும் சாரிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். அண்ணன் கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் சோற்றுக் கையோடு பதில் சொல்வேன்.

கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். துணிக்கடை வைத்திருந்தார், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கம்ப்யூட்டர்தான் அந்த இருபதிலும் பெரியது. வளைகுடாவில் இருந்து வரும் சொந்தக்காரர்களின் பெட்டிகளில் ஒவ்வொரு பாகமாக வந்து சேர்ந்தது. சூடு தணிக்க உள்ளே கண்ணாடிக் குழாய்களில் பச்சைத் தண்ணீர் ஓடும். ஒரு வருடத்தில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. அவர் போர் தண்ணீரில் கலர் கலந்து ஊற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிவிட்டு, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னேன். சரியாகிவிட்டது. பாய்க்கு அன்றிலிருந்து சார் மேல் உயிர். அடுத்த கூட்டத்தில் சாரைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்த வேண்டும், நானே காரில் போய் அழைத்துவருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அண்ணன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாவது நாள் வந்து மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான்.

"சாரை முடிச்சிட்டேன்" என்றான்.

"என்னா முடிச்சிட்ட?"

"ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிட்டேன். வேற என்னா பண்றது, ஒரே பேஜாரா பூடுச்சி."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது. குழம்புச் சட்டியை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டேன். "உன் கம்ப்யூட்டரை இனிமே நான் தொடமாட்டேன்" என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த கூட்டம் திண்டிவனத்திலேயே நடந்தது. ஷேர் ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு வருடமாகக் காதால் மட்டும் கேட்ட இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்கும் ஆசையும் இருந்தது. "தங்கச்சி" என்று மட்டும் சொல்லி அறிமுகப்படுத்தினான். எனக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டார்கள். முன்னால் இருபது கம்ப்யூட்டர்கள் சிவப்பும் நீலமுமாக எரிந்துகொண்டிருந்தன. பார்க்க நன்றாகவே இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பாய் மைக்கைப் பிடித்தார். "நம்ம சாரு மௌத்தாயிட்டாரு. ஒரு தடவ கூட நேர்ல பார்க்கக் குடுத்து வெக்கல. எல்லாரும் மெஷினை ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க."

ஒவ்வொன்றாக அணைந்தன. விசிறிகள் நின்றன. எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்து நின்றார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று நானும் எழுந்து நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காக இவ்வளவு பேர் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

நிமிடம் முடிந்து மறுபடி போட்டபோது பாயுடைய கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. விசிறி ஒரு சுற்று சுற்றும், நின்றுவிடும். ஆளுக்கொன்றாக நோண்டினார்கள். "சாரு இருந்திருந்தா ஒரு போன்ல சொல்லியிருப்பாரு" என்றார் யாரோ. அண்ணன் மெதுவாக நகர்ந்து நகர்ந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"என்னான்னு சொல்லு" என்றான் ரகசியமாக.

நான் அவனிடம் சொல்லவில்லை. எழுந்து நேராக முன்னால் போனேன். "தள்ளுங்க" என்றேன். தள்ளினார்கள். பின்கதவைக் கழற்றி, மேல்மூலையில் பிராசஸருக்குக் கரண்ட் போகிற பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். கார் குலுக்கலில் பாதி கழன்றிருந்தது. இவ்வளவு நேரம் ஓடியதே பெரிது. கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்து பட்டனைத் தட்டினேன். பச்சைத் தண்ணீர் குழாயில் ஓடத் தொடங்கியது.

பாய் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

அண்ணன் சொல்வான் என்று அப்போதும் ஒரு கணம் காத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எனக்காகத்தான் பாய் எல்லாரும் எழுந்து நின்னீங்க" என்றேன்.