சைகோனுக்கு மூன்று பேர்

தோவாவிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதும், மூன்று கிழடுகளைச் சைகோனுக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் சுற்றிக்காட்டி, நோகாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். அதுவும் கேட்பவர் நம்பாத அளவுக்குக் குறைந்த செலவில். சொந்த ஊரான சா டெக்கில் அவள் வயதுப் பெண்கள் வேன் ஓட்டுவதே அபூர்வம். இவள் ஐம்பத்தோரு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு வருடம் மாதம் தவறாமல் சைகோன் போய்வந்தவள். வேன் கணவன் லோக்குடையது. பூந்தொட்டி ஏற்றிச் சந்தைக்குப் போன வேன். லோக் போய் மூன்று வருடம் ஆகிறது. பின்சீட்டை உயர்த்தினால் இன்னமும் சாமந்திச் சருகு உதிரும்.

கிழடுகள் என்றது லோக்கின் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களை. பெரியக்காவுக்கு எண்பத்தொன்று. நாலாவது அண்ணனுக்கு எழுபத்தாறு. ஐந்தாவது அக்காவுக்கு எழுபத்து மூன்று. லோக் ஆறாவது, கடைசி. பிறந்த வரிசையைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய குடும்பம், சொந்தப் பெயர்கள் அடையாள அட்டையோடு சரி.

நோட்டில் தோவா எழுதிய திட்டத்தைப் பார்த்தால் அவள் மேல் மரியாதை வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தூளிக்கடை. நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகத் தூளி கட்டி வைத்திருப்பார்கள். ஒரு டம்ளர் கரும்புச்சாறு வாங்கினால் போதும், முதுகு நிமிரும் வரை படுத்துக் கிடக்கலாம், கழிப்பறைக்கும் தனிக் காசில்லை. மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய ஒட்டரிசி, முட்டை போட்ட பன்றிக்கறிக் குழம்பு ஒரு தூக்கு. தங்குவதற்கு அவளுக்குத் தெரிந்த விடுதி. மாடி ஏற வேண்டாம், தரைத்தள அறை, பழைய வாடிக்கை என்பதால் பழைய வாடகை. வேன் நிறுத்த இடம், காலையில் மலிவாக உடைந்த அரிசிச் சோறு விற்கும் கடை, எல்லாம் அவளுக்கு அத்துபடி. மறுநாள் முழுக்க மிருகக்காட்சி சாலை. பெரியக்கா கேட்டது அது ஒன்றைத்தான். சாவதற்குள் ஒரு யானையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம்.

கிளம்பும் நாள் மட்டும் அவள் கையில் இல்லை. நாலாவது அண்ணன் தாள் கிழிக்கும் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நெலாக் கணக்குல ஏழாம் நாளு. ஏழுல கெளம்பக் கூடாது."

"அண்ணே, வார நடுவுல போனாத்தான் ரூமு சல்லிசு."

"சல்லிசா ஒரு ரூமுக்கு என் உசிரக் கேக்கிறியா?"

"உங்க உசிர வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணப் போறேன்."

பெரியக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். கடைசியில் ஒன்பதாம் நாள் கிளம்புவது என்று முடிவானது.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு யானை மட்டும் காரணமில்லை. பெரியக்கா வீட்டு முன்னறையில் பூசைமேடைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கப் படங்கள். கல்யாணம், புத்தாண்டு, திவசம், வீடு கட்டியது, மாடு வாங்கியது வரை உண்டு. ஒன்றிலும் தோவா இல்லை. யாரும் அவளை ஒதுக்கவில்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவளே அவள்தான். வந்த புதிதில், "நீ கை நடுங்காம எடுக்கிறே" என்று கேமராவைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் அது அவள் வேலையாகிவிட்டது. பிள்ளை குட்டியும் இல்லை. லோக் இருந்தவரை அது உறைக்கவில்லை. அவன் போன பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் போய்ச் சமைத்து, பாத்திரம் கழுவி, ஈரக் கையோடு அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது, இந்த வீட்டுக்கு நான் யார் என்று தோன்றும். அந்தச் சுவரில் தானும் இருக்கிற ஒரே ஒரு படம் அவளுக்கு வேண்டும். வாய்விட்டுக் கேட்க வெட்கம். வெளியூரில், யானைக்கு முன்னால், போகிற வருகிற யாரிடமாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் இயல்பாக நடந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அதற்கு நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் இருப்பவர் முதலில் போய்விடுவார் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் ஐந்தாவது அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் ஐந்தாவது அக்கா போன் செய்தாள். "முட்டி மத்தளம் மாதிரி வீங்கிக் கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க. யானைய நான் கேட்டேன்னு சொல்லு."

தோவா சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊறப்போட்ட அரிசியில் ஒரு ஆள் பங்கை அள்ளி வெளியே எடுத்தாள். பிறகு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பக் கொட்டினாள்.

வண்டி ஏறியதிலிருந்து பெரியக்கா ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். சக்கரம் உருண்டாலே அவளுக்குக் குமட்டும். நாலாவது அண்ணன் பச்சைத் தைலத்தை எடுத்து அக்காவின் நெற்றியில் பாதியும் தன் சட்டையில் பாதியுமாகத் தேய்த்தார். பெரிய பாலத்தைத் தாண்டியதும் முதல் தூளிக்கடை. அண்ணன் தூளியில் விழுந்த நிமிடமே குறட்டை விட்டார்.

"இவன இங்கயே விட்டுட்டுப் போனா என்ன?" என்றாள் பெரியக்கா.

"திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்க்கா. வாடக கேக்க மாட்டாங்க."

பெரியக்கா தோலை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்த நேரம் தோவாவுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றே தோன்றியது.

சைகோனுக்குள் நுழைந்ததும் அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் வேன் தானாகவே நீந்திப் போய் ஒரு சந்துக்குள் திரும்பி நின்றது. விடுதிக்காரி ஓடிவந்து, "வாங்கம்மா, எத்தனை நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது அண்ணன் இறங்கி இடுப்பை நிமிர்த்தினார். எதிர்ப்பக்கம் இருந்த பெரிய பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது லோக் கெடந்த ஆஸ்பத்திரிதானே?"

தோவா சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. சல்லிசான விடுதி, சல்லிசான சோறு, வண்டி நிறுத்த இடம், நோட்டில் அவள் எழுதியது எல்லாமே இந்தச் சந்துதான். சைகோன் என்று அவளுக்குத் தெரிந்தது வேறெதுவும் இல்லை. ஊர் பார்க்கக் கூட்டிவருகிறேன் என்று சொல்லி, வயதானவர்களைத் தம்பி செத்த இடத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. எனக்கு இங்கதான்... வேற எடம் எனக்குத் தெரியல."

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெரியக்கா மெல்ல வேனிலிருந்து இறங்கி, தோவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க படுத்தே?"

"விடுதியில எப்பவாவதுதான்க்கா. மத்த நாளு ஆஸ்பத்திரிக்குள்ள, நடைபாதையில. பாய் விரிச்சு."

"தனியாவா?"

"வேற யாரு இருந்தா?"

குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி விழுங்கவும் அவளுக்கு மனமில்லை. இரண்டு வருடத்தில் இவர்கள் யாரும் வரவில்லை. ஆரஞ்சு வந்தது, வாத்து முட்டை வந்தது, பஸ்காரனிடம் கொடுத்தனுப்பிய கருவாடு வந்தது. பெரியக்காவுக்குக் குமட்டல், அண்ணனுக்குத் தோட்டம், ஐந்தாவது அக்காவுக்கு முட்டி. லோக் கடைசி மாதத்தில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தான். யாரை எதிர்பார்க்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"காட்டு" என்றாள் பெரியக்கா.

மூவரும் சாலையைக் கடந்து உள்ளே போனார்கள். நடைபாதையில் அன்றைக்கும் பாய்கள் இருந்தன. தூணோரம் ஒரு பெண் முட்டியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தோவா அந்தத் தூணைக் காட்டினாள். பெரியக்கா கிட்டப் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையில் கை விட்டு, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"வாந்தி வந்தா வந்துட்டுப் போகுதுன்னு நான் கெளம்பி வந்திருக்கணும்" என்றாள்.

பரவாயில்லை அக்கா என்று சொல்வதுதான் முறை. தோவாவுக்குச் சொல்ல வரவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடியதல்ல அது. அவள் பெரியக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் யானையைப் பார்த்தார்கள். பெரியக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு எவ்வளவு சின்னது பாரு, பாவம்" என்றாள். அண்ணன் அது ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று காவலாளியிடம் விசாரித்து, கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். வேலிக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. தோவா பழக்கதோஷத்தில் போனை எடுத்து நான்கடி பின்னால் போனாள்.

"ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க. அண்ணே, வாய மூடுங்க."

"அத அந்தா வேலியோரம் நிக்குற பொண்ணுகிட்டக் குடுத்துட்டு நீ வா" என்றாள் பெரியக்கா.

"அக்கா, மூணு பேரு" என்றார் அண்ணன் தணிந்த குரலில்.

"எனக்கும் எண்ணத் தெரியும்டா." பெரியக்கா பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து, இரண்டு பக்கமும் கையால் தட்டினாள். "எனக்கு எம்பத்தொண்ணு. நடுவுல உக்காந்தாலும் ஓரத்துல உக்காந்தாலும் மொதல்ல நான்தான். வா."

தோவா போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் எதிரில் நின்றே பழகியவள். பெரியக்கா அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது.

ஊர் திரும்பிய வாரமே அண்ணன் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடைத்துக் கொண்டுவந்தார். பெரியக்கா வீட்டு முன்னறையில் சுத்தியலும் கையுமாக நின்று, மற்ற படங்களுக்கெல்லாம் ஒரு முழம் கீழே ஆணியை வைத்தார்.

"என்னண்ணே, ரொம்பக் கீழ போவுது" என்றாள் தோவா. "வரிசையோட சேராது."

"மேல அடிச்சா ஒனக்கு எட்டுமா?" அண்ணன் அவளைத் திரும்பிப் பார்க்காமலே அடித்தார். "அக்கா போவா, அப்புறம் நான் போவேன். அஞ்சாவது அந்த முட்டிய வச்சுக்கிட்டு முக்காலி மேல ஏறுவாளா? இந்தச் சுவத்தத் தொடைக்கப் போறது நீ ஒருத்திதான்."

அவர் படத்தை மாட்டி, கோணலா என்று பார்த்துவிட்டு, சுத்தியலை வைக்கக் கொல்லைப்பக்கம் போனார். புதுக் கண்ணாடி, தூசி ஒன்றும் இல்லை. தோவா சட்டை நுனியை எடுத்து ஒரு தடவை துடைத்துப் பார்த்தாள். கை சரியாக எட்டியது.