டிரைவர் நீங்கலாக

இப்போதெல்லாம் காட்டுமாடு பார்க்க யாரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் கடைத்தெருவுக்கே வந்து நின்று முட்டைக்கோஸ் தழை தின்கிறது. ஜனங்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. ஒரு காட்டுமாட்டைப் பார்க்க ஆறு வருஷம் காத்திருந்தவன் நான். காத்திருந்தேன் என்றதும் ஏதோ தவம் கிடந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு பிளசர் கார் டிரைவர். முதலாளிக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. வருஷத்தில் பத்து மாதம் அவரை உட்காரவைத்து மண்டிக்கும் தோட்டத்துக்கும் ஓட்டுவேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் கார் மலைமேல். சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்ட வேண்டும். ஏரிக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் காருக்கு இடம், அதை ஒட்டி எனக்கு ஒரு அறை. இரண்டுக்கும் ஒரே பூட்டு. சொந்த ஊர் பழனி. அங்கே அண்ணன் வீடு இருந்தது. இருந்தது என்பதோடு சரி.

சீசன்காரர்களை எனக்குப் பிடிக்கும். ஊரில் எப்படிப்பட்ட சிடுமூஞ்சியாக இருந்தாலும் வெள்ளனே எழுந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்குவாளியோடு காரில் ஏறிவிட்டால் ஆளே மாறிவிடுவார். வளைவுக்கு வளைவு, "அங்க பாரு, அங்க பாரு." கண்ணாடியைத் திறந்து மேகத்தைக் கையால் பிடிப்பார்கள். கடுகடுவென்று இருந்த புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பூவைக் காட்டுவார். அத்தனையையும் தலைக்குமேல் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகத்தான் தோன்றும். பத்து நாள் கழித்து கொடை ரோடு ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது, "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்பார்கள். திரும்பி மலை ஏறும்போது பின்சீட் காலியாக இருக்கும். வேர்க்கடலைத் தொலி கிடக்கும். வத்தலக்குண்டு தாண்டி முதல் வளைவு வருவதற்குள் எனக்கு யாரோடும் பேச்சு வேண்டாம் என்று ஆகிவிடும். பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

எல்லாரும் கடைசியாகக் கேட்கிற இடம் பேரிஜம் ஏரி. பதின்மூன்று, பதினான்கு மைல் காட்டுக்குள்ளே. காட்டிலாகா ஆபீசில் பெர்மிட் வாங்க வேண்டும். குமாஸ்தா எழுதுவார்: கார் ஒன்று, ஆட்கள், டிரைவர் நீங்கலாக, இத்தனை. காட்டு கேட்டில் இருக்கிற காவலாள் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை தலையை எண்ணுவார். காட்டுக்குள் யாரையும் விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது என்பதற்காக. டிரைவரை எண்ணுவதில்லை. டிரைவர் இல்லாமல் கார் எப்படித் திரும்பி வரும்? நியாயம்தான்.

ஏரிக்கரையில் ஒரு குடிசை, அதில் ஒரு வாச்சர். அதுவரைதான் கார் போகும். அங்கிருந்து சோலைக்குள் அரைமணி நேரம் நடந்தால் ஒரு புல்மேடு வரும். காட்டுமாடு மேய்கிற இடம் அது. வாச்சர் அழைத்துப்போய்க் காட்டுவார். நான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானட்டைத் திறந்துவிட்டு நிற்பேன். ஒப்படைத்த வண்டியை விட்டு நகரக்கூடாது. கார் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எங்கள் எல்லாருக்கும் அது சாமி சத்தியம் மாதிரி. மழையில் நின்றிருக்கிறேன், காய்ச்சலில் நின்றிருக்கிறேன். நகர்ந்ததில்லை. முப்பது தடவைக்கு மேல் போயும் அந்தப் புல்மேடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து மூன்று டீச்சர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரே பள்ளிக்கூடம். வருஷம் தவறாமல் மே மாதம் எட்டு நாள். மூத்தவர் என்னைத் "தம்பி" என்பார். நடுவிலவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே வருவார். இளையவர் "டிரைவர்" என்பார். அவருக்கு என் வயதோ, ஒன்றிரண்டு குறைவோ இருக்கும். முதல் வருஷமே காரில் ஏறியதும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன டிரைவர், காரா, பூண்டு மூட்டையா?"

"ரெண்டும்தான் டீச்சர். மலைப்பூண்டு ஏத்துற வண்டி."

"அப்ப மாடெல்லாம் இந்த வாசனைக்கே ஓடிரும். நாங்க பாத்த மாதிரிதான்."

ஓடவில்லை. அன்றைக்கு அவர் நடந்துபோய்த் திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை, புடவையில் ஒட்டுப்புல். மற்ற இரண்டு பேரும் ஓடையில் காலைக் கழுவி அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் நேரே என்னிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி. முதலில் இடம், பிறகு காற்று எந்தப் பக்கம், பிறகு எண்ணிக்கை. ஒன்பது மாடு. ஒரு கிடா, மதுரையில் அவர்கள் பள்ளிக்கூட பீரோ உசரம். முழங்காலுக்குக் கீழே அத்தனைக்கும் வெள்ளை சாக்ஸ். "திங்கக்கிழமை காலையில பிரேயருக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி, அப்படி ஒரு வெள்ளை!" என்றார். நான் துணியும் கையுமாக நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதுவே வழக்கம். ஒரு வருஷம் கன்றுக்குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது, தாய் அதை முட்டி எழுப்பியது. ஒரு வருஷம் கிடா ஒன்று இவரையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றது. மறுநாள் கார் ஓட்டும்போது பின்னாலிருந்து பரீட்சை வைப்பார். "நேத்து எத்தனை மாடு டிரைவர்?" நான் சொல்வேன். "நூத்துக்கு நூறு." கேட்டில் காவலாள் குனிந்து எண்ணி, "மூணு பேர், சரி" என்று சொன்னால், "நாலு" என்று திருத்துவார். "டிரைவர் கணக்கில்லைங்க டீச்சர்" என்பார் அவர். "உங்க கணக்குல இல்ல, எங்க கணக்குல உண்டு" என்பார் இவர். வருஷா வருஷம் அதே பேச்சு. வருஷா வருஷம் நான் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரிப்பேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆவணி, புரட்டாசியில் ஒட்டன்சத்திரம் மண்டியில் லாரிக்காரர்களோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த மாடுகளை நானே பார்த்ததாகச் சொல்லுவேன். கொம்பு எப்படி வளையும் என்று கையால் காட்டுவேன். அந்தக் கைகூட என்னுடையது இல்லை, அவர் காட்டினதுதான். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். நான் மறுபடியும் மே மாதத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவேன். அந்த மாட்டை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவரோடு நின்று பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. இதை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வருஷம் மூத்த டீச்சருக்கு முழங்கால் வலி. ஏரிக்கரையில் கார் நின்றதும், "எனக்கு நடக்க முடியாது, நீங்க போயிட்டு வாங்க" என்று பின்சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். நடுவிலவர் ஊசியும் நூலுமாக அவருக்குத் துணை. இளையவர் செருப்பை மாற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அக்காமாரு ரெண்டு பேரும் கார்லதான் இருக்காங்க. இன்னிக்கு நீங்க வாங்க."

"வண்டி..."

"வண்டி எங்க ஓடிப்போகுது? எத்தனை வருஷந்தான் என் வாயாலயே பாப்பீங்க?"

வாச்சர் குச்சியோடு தயாராக நின்றார். பின்சீட்டில் பின்னல் ஊசி நின்றுவிட்டது. மூத்தவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட நான் வீம்புக்குப் போயிருப்பேன். 'தம்பிக்கு விவரம் தெரியும்' என்கிற பார்வை அது. எனக்கு ஒரே நேரத்தில் பயமும் ரோஷமும் வந்தது. ஸ்டாண்டில் என்ன பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்ற பயம். கூப்பிட்டதும் பின்னால் ஓடிவருகிற ஆளா நான் என்ற ரோஷம்.

"எனக்கு வண்டிச் சோலி கெடக்கு டீச்சர். வந்தவங்க போய்ப் பாக்கறதுதான் மொறை. வெரசா போயிட்டு வாங்க, கேட் மூடிருவாங்க" என்றேன்.

எனக்கே அந்நியமாக இருந்தது அந்தக் குரல். அவர் "சரி" என்றார். வாச்சருக்குப் பின்னால் நடந்து சோலைக்குள் போனார். வண்டியில் ஒரு சோலியும் கிடக்கவில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நான் துணியைக் கீழே வைத்துவிட்டு, கேட்கத் தயாராக நின்றேன்.

"எத்தனை டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல. ஒரே மஞ்சு" என்றார்.

பானட்டில் கை வைக்க முடியாத வெயில் அன்றைக்கு. மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. பின்னால் வந்த வாச்சர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். நான் கதவைத் திறந்துவிட்டேன். கேட்டில் காவலாள் குனிந்து எண்ணினார். "மூணு பேர், சரி." பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் கொடை ரோடு ஸ்டேஷனில் இரண்டு பேர்தான் இறங்கினார்கள். நான் ரயில் நகரும்வரை மூன்றாவது ஆளுக்காகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவ வரல தம்பி" என்றார் மூத்தவர். "தையில கல்யாணம் ஆயிருச்சு. மாப்பிள்ளைக்கு வடக்க எங்கயோ உத்தியோகம்." நான், "நல்லதுங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அந்தத் தடவை பேரிஜம் போனோம். ஏரியைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டு, "போலாமா?" என்றார்கள்.

அதே வருஷம் மார்கழி. மேல்மலையில் போளூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் குதிரைமேல் பொதி ஏற்றிக்கொண்டு வந்து கொடைக்கானலில் பூண்டு இறக்குவார்கள். அதில் விதைப்பூண்டு நாலு மூட்டை வாங்கிவர முதலாளி என்னை அனுப்பினார். வந்து பார்த்தால் குதிரைகள் வரவில்லை. நாளைக்குத்தான் வரும் என்றார்கள். கையில் ஒரு முழுப்பகல், ஒரு கார். பின்சீட் காலி. கால்மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நேரே காட்டிலாகா ஆபீசுக்கு விட்டேன்.

"டிரைவர் நீங்கலாக எத்தனை பேர்?" என்றார் குமாஸ்தா.

"யாரும் இல்ல."

"யாருமில்லாம எதுக்குய்யா பெர்மிட்டு?"

"இஞ்சின் வேலை பாத்திருக்கு. ஏத்தத்துல விட்டுப் பாக்கணும்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

ஏரிக்கரையில் வாச்சருக்கு ஆச்சரியம். "ஆளுக யாருமில்லையாண்ணே?" என்றார். நான் புல்மேட்டுக்கு வழி கேட்டேன். "இத்தனை வருசமா வாறீங்க, போனதே இல்லையா?" என்று சிரித்தார். "போங்க, காரை நான் பாத்துக்கறேன். இது எங்க ஓடிப்போகுது?"

அவ்வளவு சுலபமாக இருந்தது. சோலைக்குள் நடக்கும்போது அதை நினைத்து என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஈரம், இருட்டு, காலடியில் மெத்தென்ற சருகு. என் ஸ்வெட்டரை மோந்து பார்த்தேன், பூண்டு வாசனை. மாடு ஓடிவிடுமோ என்ற கவலை. சோலை முடிந்து வெளிச்சத்தில் தலையை நீட்டினேன்.

பதினொன்று. மூன்று முறை எண்ணினேன். வெயிலில் முதுகு பளபளவென்று மின்ன, மூச்சைப் புகையாக விட்டுக்கொண்டு மேய்ந்தன. கிடா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பீரோ உசரம் என்பது பொய்யில்லை. கொம்பு அவர் கையால் காட்டின வளைவேதான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அப்புறம் காலைப் பார்த்தேன். சாக்ஸ். ஆனால் வெள்ளை இல்லை. மண் ஏறிய பழுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளைகளின் சாக்ஸ்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாடுகள் ஓடின. நானும் திரும்பி ஓடினேன். சோலை முழுக்க ஒரே ஓட்டம். 'டீச்சர், நூத்துக்கு நூறு கெடையாது. உங்க பிள்ளைக சாக்ஸ் அழுக்கு.' இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஏரிக்கரை வந்தது. கார் நின்றது. சக்கரத்துக்குக் கல், திறந்த பானட். பக்கத்தில் யாரும் இல்லை. துணியும் கையுமாக அங்கே ஒருவன் நிற்பானே, போய்வந்தவர்கள் சொல்வதையெல்லாம் கேட்பானே, அவன் நின்ற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வாச்சர் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாடு நின்னுச்சாண்ணே?"

"பதினொண்ணு. சாக்ஸ் அழுக்கா இருந்துச்சு" என்றேன்.

"என்னது?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கல்லை எடுத்தேன். கேட் வந்தது. காவலாள் சீட்டை வாங்கி, பழக்கத்தில் பின்சீட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"ஆள் யாருமில்ல. சரி" என்று சொல்லி கேட்டின் குறுக்கு மூங்கிலைத் தூக்கினார்.

நான் உடனே கிளம்பவில்லை. பின்னாலிருந்து யாராவது திருத்துவார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். "என்னண்ணே, போங்க" என்றார் அவர். கியரைப் போட்டேன்.