பேனாக்காவின் பன்னிரண்டாவது கையெழுத்து

"எழுந்தாச்சா? மூஞ்சி கழுவியாச்சா? பொய் சொல்லாதே, கொட்டாவி இங்க வரைக்கும் கேட்குது!"

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு இது அவர் போனில் கூப்பிடும் ஆறாவது வீடு. பள்ளி அலுவலக எழுத்தரான இந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பேனாக்கா. பேனாவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவர் முன்னால் குனிந்துதான் போட வேண்டும். "கழற்றிக் கொடுத்த பேனா என்னைக்குத் திரும்பி வந்திருக்கு?" என்பார்.

கல்லூரியில் சேர வழிகாட்டும் சனிக்கிழமை வகுப்பை அவர்தான் கட்டி மேய்க்கிறார். விண்ணப்பம், உதவித்தொகை, நுழைவுத்தேர்வு எல்லாம் அங்கே இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் பஞ்சம்.

"எங்க வீட்டுல யாருமே போகாத இடம். சிரிப்பாங்கக்கா" என்று ஒரு பெண் தயங்கினாள். "சிரிக்கிறவங்களுக்குப் பல்லு சுளுக்கட்டும், நீ வா" என்றார். பல் எப்படிச் சுளுக்கும் என்று கேட்டால் கோபம் வரும்.

அவருக்கும் ஒரு காலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. கூட்டிக்கொண்டு போக ஆளில்லாமல் அது கைநழுவிப் போயிற்று. அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

பன்னிரண்டு பேருக்குக் குறைந்து மூன்று வாரம் தொடர்ந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். போன இரண்டு வாரமும் பதினொன்று. இன்று மூன்றாவது வாரம். ஒன்பது மணிக்கு எண்ணினார், அதே பதினொன்று.

"இன்னொரு கையெழுத்தை நீங்களே கிறுக்கிவிடுங்களேன்" என்றார் காவலாளி.

"கிறுக்கினது போய் பரீட்சை எழுதுமாய்யா?" என்று சீறினார்.

வராத அந்தப் பன்னிரண்டாவது ஆள் ஒரு தையற்காரியின் மகள். அம்மா வேலைக்குப் போனதும் ஒன்றரை வயதுத் தங்கையை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரமும் அவளிடம், "அடுத்த வாரமாவது வந்துடும்மா" என்றுதான் பேனாக்கா கெஞ்சியிருந்தார். இந்த எளிய வழி இத்தனை நாள் தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.

"பாப்பாவையும் தூக்கிட்டு வா."

"அழுவாக்கா."

"அழட்டும். நான் மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?"

இருபது நிமிடத்தில் அவள் இடுப்பில் குழந்தையோடு மூச்சிரைக்க வந்து வாசலிலேயே நின்றாள். பேனாக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். அது அழுதுகொண்டே பேனாக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. பெண் வழக்கம்போலக் குனிந்தாள்.

"குனியாதே" என்றார் பேனாக்கா. கயிற்றைத் தலைவழியே கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே நடைவழியில் நடக்கத் தொடங்கினார்.