மூன்று முறை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் ஞானத்தாய்

பிலிப்பைன்ஸில், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுதிய ரிசாலுக்கு ஊருக்கு ஒரு சிலை இருக்கிறது. புரட்சித் தலைவன் பொனிஃபாசியோ பெயரில் தெருக்கள் இருக்கின்றன. மணிலாவின் திரோசோ பேட்டையில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்த தர்சிலாவின் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடையாது. அவளும் அதையெல்லாம் எதிர்பார்த்தவள் இல்லை. வயதான காலத்தில் தெருமுனையில் அரிசி அப்பம் சுட்டு விற்றாள். புரட்சியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், "ஆடினேன்" என்பாள். கேட்டவர்கள் கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து அப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் ஆடியது நிஜம். ஸ்பானியருக்கு எதிரான புரட்சி வெடிப்பதற்குச் சற்று முந்தைய கோடைக்காலம் அது. தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. சுருட்டுத் தொழிற்சாலையில் கை பாட்டுக்கு இலையைச் சுற்றும், மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். பக்கத்துப் பெண்கள், "மகாராணி கப்பல் ஏறிட்டா" என்று சிரிப்பார்கள். அவள் மறுக்கமாட்டாள். ஏறித்தான் இருப்பாள்.

தர்சிலா குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அம்ப்ரோசியோவுடையது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். மனைவி பெனிதா, கைக்குழந்தையாக ஒரு மகள் நோனாய். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் விருந்துதான். முன்கூடத்தில் கிட்டார், பாட்டு, பெண்களின் ஆட்டம். பின்னறையில் கட்டிபூனான் சங்கத்தின் கூட்டம். ஸ்பானியனை நாட்டை விட்டு விரட்ட ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறவர்கள் அங்கே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். முணுமுணுப்பு தெருவுக்குக் கேட்காமல் இருக்க, முன்னே மூங்கில் தரை அதிர அதிர ஆட வேண்டும். எல்லாரையும் விட நன்றாக ஆடியவள் தர்சிலா.

ஆனால் பின்னறைக்குள் அவளுக்கு இடம் இல்லை. சங்கத்தில் பெண்களும் உண்டு, இல்லாமல் இல்லை. உறுப்பினனின் மனைவி, மகள், தங்கை, அக்கா என்றால் சேரலாம். யாருமற்ற தர்சிலா எந்த வாசல் வழியாகப் போவாள்? கிடங்குக் கணக்கரான மாக்சிமோதான் அந்தக் கிளைக்குத் தலைவர். அவரிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, எங்கள் ஆட்களில் யாரையாவது கட்டிக்கொள் என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் மரக்கட்டை. சத்தியம் செய்ய ஆசைப்பட்டவளிடம் மாப்பிள்ளை பார் என்று சொன்னால் எரியாதா? தர்சிலாவுக்கு எரிந்தது. இருந்தாலும் அடுத்த ஞாயிறும் போய் ஆடினாள்.

ஆடும்போது கண் பாதி மூடியிருக்கும். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறையை அவளே கட்டிக்கொள்வாள். அது வீட்டை விடப் பெரியது. அதன் கடைசியில் சுவர் கிடையாது, கடல் வந்து நிற்கும். அங்கே போனவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது அலைகளுக்குப் புரியும். ஒருவன் பேரைச் சொன்னால் அந்தப் பேர் தண்ணீரில் மிதந்து வெளிச்சமாகப் போகும். கிட்டார் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அவள் அங்கேயே இருப்பாள். பெனிதா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் கூடத்துக்குத் திரும்புவாள்.

வாராவாரம் விருந்து என்றால் காரணம் வேண்டாமா? பிறந்தநாள், பேருக்குரிய புனிதரின் நாள் எல்லாம் தீர்ந்துபோயின. கடைசியில் நோனாய்க்கு ஞானஸ்நானம் என்று சொன்னார்கள். அடுத்த மாதம் வேறு காரணம் கிடைக்கவில்லை, அவளுக்கே மறுபடியும் ஞானஸ்நானம், வேறு பேரில். மூன்றாம் தடவை ஆண் பிள்ளை சட்டையைப் போட்டு விசென்தே ஆக்கிவிட்டார்கள். பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வீறிட்டது. மூன்று தடவையும், பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கிற ஞானத்தாயாக அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் தர்சிலா. மற்ற பெண்கள் எல்லாருக்கும் உள்ளே ஒரு உறவு இருந்தது. அவளுக்குத்தான் சும்மா ஒரு பட்டம் தேவைப்பட்டது.

அந்த மூன்றாம் ஞானஸ்நானத்தன்றுதான் ஸ்பானியக் காவல்படை சார்ஜன்ட் பெரேதா படியேறி வந்தான். விளக்கு ஏற்றுகிற நேரம். பின்னறையில் அப்போதுதான், சங்கத்தில் சேர வந்த ஒருவனுக்குச் சத்தியச் சடங்குக்காகக் கண்ணைக் கட்டியிருந்தார்கள். சார்ஜன்ட் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான், வாழையிலையில் இருந்த பலகாரத்தை எடுத்து வாயில் போட்டான், பிறகு பிள்ளையையே உற்றுப் பார்த்தான்.

"இந்தப் பிள்ளைக்குத்தானே போன மாசமும் ஞானஸ்நானம் நடந்துச்சு?" என்றான்.

கிட்டார் நின்றுவிட்டது. கிட்டார் நின்றால் பின்னறைக் குரல் கேட்டுவிடும். தர்சிலா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"அது வேற பிள்ளைங்க ஐயா. உங்க கண்ணுக்கு நாங்க எல்லாருமே ஒரே மாதிரிதானே தெரிவோம்?"

சார்ஜன்ட் ஒரு நொடி விழித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வார்த்தை அது, அவனால் எப்படி மறுக்க முடியும்? சிரித்த வாயோடு, ஞானத்தாய் என்னோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்றான். அவள் பிள்ளையைப் பெனிதாவிடம் கொடுத்துவிட்டு ஆடினாள். அன்றைக்கு மட்டும் அவள் கண் மூடவில்லை. கடலும் வரவில்லை. அவன் பூட்ஸ் இரண்டு தடவை அவள் பாதத்தை மிதித்தது. மூங்கில் பட்டை ஒன்று உடைந்து உள்ளங்காலைக் கிழித்தது. இடுப்பைச் சுற்றியிருந்த அவன் கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருந்தும் சிரித்துக்கொண்டே சுற்றினாள். கடைசியில் அவன் மூச்சு வாங்க, போதும் என்று கும்பிடு போட்டு, மீதிப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

பின்னறைக் கதவு திறந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தர்சிலா தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாக்சிமோ அவள் அருகே குனிந்து, இந்த உதவியைச் சங்கம் மறக்காது என்றார்.

"மறந்துட்டுப் போகட்டும்ணே. என்னை உள்ள விடுங்க."

மாக்சிமோ சங்கடத்தோடு மறுபடி அதே விதியைச் சொன்னார். மனைவி, மகள், உடன்பிறந்தவள். நீ யாருக்கு என்ன உறவு என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருமில்லை என்பது அவளை அழ வைத்தது.

அப்போது அம்ப்ரோசியோ முன்னால் வந்தான். வாயில்லாப் பூச்சி என்று பேட்டையே சொல்கிற ஆள். பிள்ளையைப் பெனிதாவிடமிருந்து வாங்கி, மெதுவாகத் தர்சிலாவின் மடியில் வைத்தான்.

"இவ என் பிள்ளைக்கு ஞானத்தாய். மூணு தடவை. பிள்ளைக்கு ஞானத்தாயா நின்னவளை, பிள்ளையோட தகப்பன் கட்டிக்கக்கூடாதுன்னு கோயில்லயே சொல்றாங்க. ஏன்? உடன்பொறந்தவ முறை. அப்போ இவ எனக்கு யாரு?"

"டேய், அது பொய் ஞானஸ்நானம்டா," என்றார் மாக்சிமோ.

"பொய்தான். அந்தப் பொய்யாலதான் இப்ப நீங்க உசுரோட நிக்கிறீங்க."

மாக்சிமோ பிள்ளையைப் பார்த்தார், ரத்தம் கசிந்த காலைப் பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணைக் கட்டினார்.

ஆக, உள்ளே போகும்போது தர்சிலா அந்த அறையைப் பார்க்கவே இல்லை. கட்டுக்குள் அவளுடைய பழைய அறைதான் இருந்தது, அலையோசையோடு. மாக்சிமோவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து மூன்று கேள்விகள் கேட்டது. மற்றவர்களுக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது?

முன்பு இந்த நாடு எப்படி இருந்தது? தெரியாது, நான் அப்போது பிறக்கவில்லை, ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல்கள் நிறைய இருந்திருக்கும் என்றாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இப்போது எப்படி இருக்கிறது? கால் வலிக்கிறது என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இனி எப்படி இருக்கும்?



"ஒரு பிள்ளைக்கு ஒரு பேருதான் இருக்கும். அன்னைக்கு நான் ஆடினேன்னா, ஆடணும்னு ஆசையா இருந்துச்சுன்னு அர்த்தம். வேற எதுக்காகவும் இருக்காது."

மாக்சிமோ கண்கட்டை அவிழ்த்தபோது தர்சிலா பார்த்தது கருவாட்டு வாசனை அடிக்கிற, நாலு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற ஒரு அறையை. அவளுக்கு ஏமாற்றமாக இல்லை. ரத்தக் கையெழுத்துக்காக மாக்சிமோ கத்தியை எடுத்து அவள் கையை நீட்டச் சொன்னார். கத்தி முனையை அவள் தோலில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவள்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.